மலிவுப் படங்களும் காணக் கற்றலும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஓவியக்கலை செல்வந்தரின் மாளிகைக்கு உரியது. ஏழைத் திருச்சபைக்கும் அதன் குருமனைக்கும் அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்திற்குக் காரணங்கள் இரண்டு. மூலச் சித்திரங்கள் தொலைநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைக் காணும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டும் என்பது ஒன்று. இரண்டாம் கற்பனையைக் கைக்கொள்ளும் நமக்குப் படங்களைப் பற்றி இயல்பாகவே ஓர் அச்சம் உண்டு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆராயத்தக்கவை. மலிவு விலை அச்சுப்படங்களின் வாயிலாக எளிய மக்கள் தம் இல்லத்திலேயே ஓவியங்களைக் காணக் கற்ற வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக எடுத்துரைத்து, அது நம் ஊழியத்திற்கு உணர்த்துவது யாது என நோக்க முற்படுகின்றோம்.

2. சீர்திருத்தமும் படமும்

1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விற்றன்பர்க் நகரில் கார்ல்ஸ்டாட் என்பார் ஆலயங்களிலுள்ள படங்களை அகற்ற வேண்டுமென்று ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அதைத் தொடர்ந்து நகரில் குழப்பம் மூண்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் லூத்தர் வார்ட்புர்க் கோட்டையிலிருந்து திரும்பி வந்து, எட்டு நாள் தொடர்ந்து அருளுரை ஆற்றினார். படங்கள் இருந்தே ஆகவேண்டும் என்று அவர் கூறவில்லை. இல்லாதிருப்பதே நலம் என்றுங்கூடக் கருதினார். ஆயினும், ஒன்று தவறாகப் பயன்படுத்தப்படுகின்றது என்பதற்காக அதனைப் பலவந்தமாய் அழிப்பது நற்செய்தியின் வழியன்று. முதலில் உள்ளம் போதிக்கப்பட வேண்டும் என்பதே அவரது நிலை. பின்னர் 1529இல் தம் செபப் புத்தகத்தோடு மரச்செதுக்குப் படங்களடங்கிய ஒரு பகுதியையும் இணைத்து வெளியிட்டார். பிள்ளைகளும் கல்லாதவரும் திருமறை வரலாறுகளை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். படங்களைக் குறித்துக் கடுமையான நிலை கொண்டிருந்த கால்வின்கூடத் தமது போதனை நூலில், ஓவியத்திறனும் சிற்பத்திறனும் கடவுளின் கொடைகளே என ஒப்புக்கொண்டார். கண்ணாற் காணக்கூடியவற்றை மட்டுமே வரைதல் வேண்டும் என்பதே அவர் விதித்த வரம்பு.

ஆகவே, சீர்திருத்தச் சபை எதிர்த்தது வணக்கத்தையேயன்றிக் காட்சியை அன்று. இவ்வேறுபாட்டை நாமே உணராதிருந்த ஒரு காலம் உண்டு. நாம் உதவிப் போதகராயிருந்த முதலாண்டில், கிராமச் சபையொன்றில் வயது முதிர்ந்த விதவைத் தாயார் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றோம். அவருடைய மண் சுவரில், ஹோல்மன் ஹண்ட் வரைந்த 'உலகத்தின் ஒளி' என்னும் ஓவியத்தின் சிறு அச்சுப்பிரதி ஒன்று தொங்கியது. அதன் மேல் ஒரு முழம் கதம்பம் சாத்தப்பட்டிருந்தது. அது விக்கிரக ஆராதனைக்கு ஒப்பாகும் எனக் கூறி, அப்படத்தை அகற்றிவிடுமாறு பணித்தோம். "ஐயா சொன்னாச் சரிதான்" என்று அவர் உடனே கழற்றிவிட்டார். அடுத்த முறை சென்றபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அப்படத்தைப் பற்றி அவரிடம் நாம் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதும், நாமே அதனை ஒருமுறையேனும் உற்றுநோக்கியதில்லை என்பதும் நெடுநாள் கழித்தே நமக்கு உறைத்தன.

3. அச்சு மலிந்த வரலாறு

பெரும் ஓவியங்களைப் பிரதிசெய்து பரப்பும் வழக்கம் பழமையானது. மரச்செதுக்கும் செப்புத்தகட்டுச் செதுக்கும் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பா எங்கும் பரவியிருந்தன. ஆயினும் செப்புத்தகட்டில் ஓர் ஓவியத்தைச் செதுக்கி முடிக்கப் பல மாதங்களும், சில வேளை ஆண்டுகளும் ஆகும். பவேரியா நாட்டு அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்னும் எளிய உண்மையே இதன் அடிப்படை. 1837இல் எங்கெல்மன் என்பார் பிரான்சு நாட்டில் வண்ணக் கல்லச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும்.

1848இல் இலண்டனில் அருண்டெல் சங்கம் நிறுவப்பட்டது. இத்தாலிய ஆலயங்களில் சிதைந்துவந்த சுவரோவியங்களைப் படியெடுத்து, வண்ணக் கல்லச்சில் அச்சிட்டு உறுப்பினர்க்கு வழங்குவது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று. ஜான் ரஸ்கின் அதன் ஆலோசனைக் குழுவில் இருந்தார். எனினும் அதன் ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அக்கால ஆங்கிலேய விவசாயக் கூலியாளுக்கு அது ஏறத்தாழ இரண்டு வாரக் கூலியாகும். எனவே இப்பிரதிகள் நடுத்தரக் குடும்பங்களைத் தாண்டிச் செல்லவில்லை. அச்சங்கம் 1897இல் கலைக்கப்பட்டது.

ஏழைகளின் பக்கம் திரும்பியவர்களுள் திருப்பணியாளரும் இருந்தனர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. இறையியலறிஞர் எஃப். டி. மாரிஸ் 1854இல் இலண்டனில் உழைப்பாளர் கல்லூரியைத் தொடங்கியபோது, ரஸ்கின் அங்கே தொழிலாளருக்குச் சித்திரம் வரையக் கற்பித்தார். கிழக்கு இலண்டனில் வைட்சேப்பல் புனித யூதா ஆலயத்தின் குருவாயிருந்த சாமுவேல் பார்னெட், தம் துணைவியாருடன் சேர்ந்து 1881 முதல் ஆண்டுதோறும் ஓவியங்களை இரவல் வாங்கித் தம் சபைப் பள்ளியில் காட்சிக்கு வைத்தார். உழைப்பவர்க்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமையிலேயே உண்டு என்பதால் அன்றும் திறந்து வைத்தார். அதனால் ஓய்வுநாள் பற்றாளரின் கண்டனத்திற்கு ஆளானார். அக்காட்சிகளே 1901இல் வைட்சேப்பல் ஓவியக்கூடமாக நிலைபெற்றன. ஆயினும் காட்சி முடிந்தபின் மூலச் சித்திரங்கள் உரியவரிடம் திரும்பிவிடும். வீட்டுச் சுவருக்கு வரக்கூடியது பிரதி ஒன்றே.

அப்பிரதியை மெய்யாகவே மலிவாக்கியது, 1880களில் செம்மையுற்ற புள்ளித்திரை அச்சுமுறையாகும். நிழற்படத்தைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகப் பிரித்து, எழுத்துகளோடு சேர்த்தே அச்சிட இது வழிசெய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் நகரில் பெரி என்பாரின் நிறுவனம், 1890களின் பிற்பகுதி முதல் புகழ்பெற்ற ஓவியங்களின் பிரதிகளை ஒன்றுக்கு ஒரு சென்ட் விலையில் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் விற்றது. மில்லேயின் 'மாலைச் செபமணி'யும் ரஃபேலின் மாதா படங்களும் இவ்வாறு எளிய இல்லங்களை எட்டின. இங்கிலாந்தில் 1908இல் நிறுவப்பெற்ற மெடிச்சி சங்கம், தரமான வண்ணப் பிரதிகளை இயன்ற அளவு குறைந்த விலையில் தருவதைத் தன் நோக்கமாகக் கொண்டது.

4. ஆம்பிள்சைடில் ஒரு கல்விமுறை

படம் மலிந்தால் மட்டும் போதாது; அதனைக் காணக் கற்பிப்பார் வேண்டும். இப்பணியில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர் சார்லட் மேசன் அம்மையார் (1842-1923). 1886இல் இல்லக் கல்வி பற்றிய நூலை வெளியிட்ட இவர், அடுத்த ஆண்டில் பெற்றோருக்கான கல்விச் சங்கம் ஒன்று உருவாகக் காரணராயிருந்தார். 1892இல் ஏரிகள் சூழ்ந்த ஆம்பிள்சைடு என்னும் ஊரில் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் இல்லத்தைத் தொடங்கினார். வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கு அஞ்சல்வழிப் பாடத்திட்டங்களும் அனுப்பப்பட்டன.

இவரது ஓவியப் பாடமுறை மிக எளியது. ஒரு பருவத்திற்கு ஓர் ஓவியர்; அவருடைய படைப்புகளில் ஏறத்தாழ ஆறின் சிறு பிரதிகள். பிள்ளை ஒரு படத்தை மௌனமாக நோக்கும். கண்ணை மூடினாலும் அது அகக்கண்ணில் தெரியும்வரை நோக்கும். பின்பு படத்தைக் கவிழ்த்துவைத்து, கண்டதைத் தன் சொற்களில் எடுத்துரைக்கும். ஆசிரியர் நீண்ட விளக்கம் தருதல் கூடாது. ஓவியப் பள்ளிகளையும் பாணிகளையும் பற்றிய பேச்சு பிள்ளைக்கும் படத்திற்கும் இடையே திரையாகும் என அம்மையார் கருதினார். இம்முறை செல்வர் இல்லங்களோடு நின்றுவிடவில்லை. 1914இல் யார்க்ஷயர் சுரங்கப் பகுதியிலுள்ள டிரிக்லிங்டன் ஊரின் பொதுப்பள்ளியில் இப்பாடத்திட்டம் மேற்கொள்ளப்பட்டது; சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் இவ்வாறே படங்களைக் கண்டு கற்றனர்.

இம்முறைக்குப் பின்னால் ஓர் இறையியல் உண்டு. ஃபிளாரன்சு நகரின் சாந்தா மரியா நொவெல்லா மடத்தைச் சார்ந்த ஸ்பானியச் சிற்றாலயத்தில், ஆந்திரெயா தி பொனாயுத்தோ பதினான்காம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியம் ஒன்று இருக்கின்றது. மேலே விதானத்தில் தூய ஆவியானவர் இறங்கும் காட்சி. நடுவே அக்குவினாவின் தோமா. கீழே இலக்கணம், எண்கணிதம், இசை முதலான கலைகள் பெண்ணுருவில் அமர்ந்துள்ளன. ரஸ்கினின் நூல் வழியாக இவ்வோவியத்தின்மீது அம்மையாரின் கருத்து சென்றது. திருமறையறிவு மட்டுமன்றி, எண்ணும் எழுத்தும் கலையும் ஆகிய அறிவனைத்தும் தூய ஆவியானவரிடமிருந்தே வருகின்றன என்னும் உண்மையை அவர் இதில் கண்டார். தம் கல்விக் கொள்கைக்கு அதனையே அடிப்படையாக்கினார். பள்ளியறைக்கும் செப அறைக்கும் இடையே நாம் எழுப்பும் சுவரை இக்கொள்கை தகர்க்கின்றது.

5. குருமனையில் பிறந்த ஒரு மாணவர்

பிரதிகளின் வாயிலாக ஒருவர் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு வின்சென்ட் வான் கோவைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. இவர் 1853இல் நெதர்லாந்தின் சுண்டர்ட் ஊரில், சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவரின் குருமனையில் பிறந்தவர். 1869இல், தம் பதினாறாம் வயதில், ஓவியங்களையும் அவற்றின் அச்சுப்பிரதிகளையும் விற்கும் கூப்பில் நிறுவனத்தில் பணிக்கமர்ந்தார். ஹேக், இலண்டன், பாரிசு ஆகிய நகரங்களில் அப்பணியிலேயே ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்தார்.

1875இல் பாரிசில் தம் சிற்றறைச் சுவரில் மாட்டியிருந்த பிரதிகளை அவர் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் வரிசைப்படுத்தியுள்ளார். அவற்றுள் ஒன்று ரெம்பிராண்டுடையது என அக்காலத்தில் கருதப்பட்டது. மெழுகுவர்த்தி ஒளியில், தொட்டிலருகே ஓர் இளந்தாய் திருமறை வாசிக்கும் காட்சி அது. இன்று அதன் மூலச் சித்திரம் ரெம்பிராண்டின் பட்டறையைச் சார்ந்தவர் தீட்டியது என அறிஞர் கொள்கின்றனர். ஆயினும் அப்பிரதி அவருக்குச் செய்த நன்மை அதனால் குறையவில்லை. பின்னர் அவர் இறையியற் கல்லூரி புகும் நோக்குடன் ஆம்ஸ்டர்டாமில் பயின்றார், அதனை முடிக்கவில்லை. பெல்ஜியம் நாட்டு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 1879இல் நற்செய்தி ஊழியராக ஆறு மாத காலத்திற்கு நியமிக்கப்பட்டார்; அந்நியமனம் நீட்டிக்கப்படவில்லை. திருச்சபை தமக்கு இடமளியாத நிலையில், 1880இல் மில்லேயின் உழவர் காட்சிகளை அச்சுப்பிரதிகளைப் பார்த்து வரைந்தே அவர் தம் புதிய அழைப்பைத் தொடங்கினார்.

1889இல் சான் ரெமி மனநோய் மருத்துவமனையில் இருந்தபோதும் பிரதிகளே அவருக்குத் துணையாயின. மூலங்களைக் காணும் வழி அங்கில்லை. தம்பி அனுப்பிய கறுப்பு வெள்ளைத் தாள்களே இருந்தன. திலக்குருவா வரைந்த, இறந்த மகனைத் தாங்கிய தாயின் படத்தினுடைய கல்லச்சுப் பிரதி, எண்ணெயிலும் வண்ணத்திலும் விழுந்து கெட்டுப்போயிற்று. அதற்காக வருந்தியவர், அப்படத்தைத் தாமே வண்ணத்தில் தீட்டினார். 1890 மே மாதத்தில் ரெம்பிராண்டின் செதுக்குப் படத்தைத் தழுவி 'லாசருவை உயிர்ப்பித்தல்' என்பதையும், திலக்குருவாவைத் தழுவி 'நல்ல சமாரியன்' என்பதையும் வரைந்தார். லாசருவின் படத்தில் கிறிஸ்துவின் உருவம் இல்லை, சூரியனே ஒளிர்கின்றது. இசைவாணர் பிறர் இயற்றிய இசையைத் தம் உணர்வால் வாசிப்பதற்கு அவர் இப்பணியை ஒப்பிட்டார். இரண்டு மாதங்களுக்குப் பின் அவர் உயிர் நீத்தார்.

6. பிரதியின் குறைகள்

பிரதியை நாம் மிகைப்படப் புகழ்தல் கூடாது. மூலத்தின் அளவு, வண்ணம், தூரிகைத் தடம் யாவும் பிரதியில் மாறுகின்றன அல்லது மறைகின்றன. வான் கோவின் நல்ல சமாரியன் திலக்குருவாவின் மூலத்திற்கு இடவலம் மாறியிருப்பதற்குக் காரணம், அவர் கண்ட கல்லச்சுப் பிரதி அவ்வாறு மாறியிருந்ததே. மேலும், மூலச் சித்திரம் ஓர் இடத்திலும் வழிபாட்டிலும் பெற்றிருந்த தனித்தன்மையைப் பிரதி இழக்கின்றது என 1936இல் வால்ட்டர் பென்யமின் வாதிட்டார். பிரதி வழிபாட்டினின்று ஓவியத்தைப் பிரிக்கின்றது என்னும் அவ்வாதம் சீர்திருத்தச் சபையினராகிய நமக்கு இழப்பாக மட்டும் தோன்ற வேண்டுவதில்லை. மண்டியிடவேண்டிய பொருளாக இல்லாமல், கையிலெடுத்து நோக்கிச் சிந்திக்கும் பொருளாகப் படம் மாறுகின்றதன்றோ? லூத்தர் தம் செபப் புத்தகப் படங்களில் நாடியதும் இதுவே.

வேறொரு குறையும் உண்டு. ஒரே படம் எங்கும் பரவும்போது அதுவே உண்மை என்றாகிவிடும். மேனாட்டு முகமுடைய கிறிஸ்துவே கிறிஸ்து என நம் மக்கள் எண்ணுவதற்கு மலிவுப் படங்களும் காரணம். இதற்கு மருந்து படங்களை ஒழிப்பதன்று, பலவற்றைக் காண்பித்தலே. ரெம்பிராண்டோடு இந்தியக் கிறிஸ்தவ ஓவியர்களான ஆல்பிரட் தாமஸ், பிராங்க் வெஸ்லி ஆகியோரின் படைப்புகளும் நம் பிள்ளைகளின் முன் வைக்கப்படல் வேண்டும்.

7. முடிவுரை

வாய்ப்பில்லை என இன்று நாம் சொல்ல இயலாது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012 முதல் தன் சித்திரங்களின் தெளிவான படிகளை எவரும் விலையின்றிப் பெற்று அச்சிட வழிசெய்துள்ளது. பருவத்திற்கு ஆறு படங்கள், வாரத்தில் கால் மணி நேரம், பேசாதிருக்கும் ஓர் ஆசிரியர். ஞாயிறு பள்ளிக்கும் குருமனைக்கும் இதுவே போதும். நோக்குதல், கவிழ்த்தல், எடுத்துரைத்தல் என்னும் மூன்று படிகளை இறையியல் மாணவரும் பழகுவாராயின், திருமறைப் பகுதியை வாசிக்கும்போதும் அவசரமாகப் பொருள் கூறாமல், உள்ளதை உள்ளவாறு காணும் பொறுமை அவர்க்கு வாய்க்கும்.

'உலகத்தின் ஒளி' ஓவியத்தில் கிறிஸ்து தட்டும் கதவிற்கு வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லை. படர்கொடியும் களையும் மண்டிய அக்கதவு உள்ளிருந்தே திறக்கப்பட வேண்டும் என்பது ஓவியரின் கருத்து (வெளி. 3:20). சிறுவயதிலிருந்து பல வீடுகளில் கண்ட படமாயினும், இதனை நாம் ஐம்பதை நெருங்கிய வயதிலேயே கவனித்தோம். அந்த முதிய தாயார் நாள்தோறும் அப்படத்தின்முன் அமர்ந்தவர்; அவர் அதனை என்றோ கண்டிருக்கக்கூடும். கேட்டிருந்தால் நமக்கும் சொல்லியிருப்பார். பூவை எடுத்துவிடும்படி சொல்லிப் படத்தை விட்டுவைத்து, அதில் என்ன காண்கின்றீர் அம்மா எனக் கேட்டிருக்கலாம். போதகராகிய நாம் கற்பிக்கும் முன் காணவும், அகற்றும் முன் கேட்கவும் கற்றல் வேண்டும்.