பிளக்கைக் கழற்றிய பிறகும் இருக்கும் மின்சாரம்: வால்வு அம்பிளிபயரின் அழுத்தத்தைப் பாதுகாப்பாகக் குறைப்பது எப்படி?

சில மாதங்களுக்கு முன், தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கும் ஒரு தம்பி, தான் செய்த வால்வு அம்பிளிபயரை என் கடைக்குக் கொண்டுவந்தான்.

"அண்ணை, சத்தம் நல்லா வருது. ஆனா பத்து நிமிசத்தில பெரிய வால்வுக்குள்ள தகடு சிவக்குது. சீராக்கியை விட்டிட்டு மற்ற வால்வெல்லாம் கழட்டிப்போட்டு வோல்ற் பாத்தனான், கூடவாத்தான் இருக்கு" என்றான்.

என் மேசையிலும் சீராக்கி தவிர்ந்த மற்ற வால்வுகளைக் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்து காட்டினான். பின் பிளக்கை இழுத்துவிட்டு உடனே பெட்டிக்குள் கையை வைக்கப் போனான். நான் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். மீற்றரை வைத்தபோது 410 வோல்ற்று காட்டியது.

"பிளக் கழட்டியாச்சே அண்ணை?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பழகிய கை

எங்கள் தலைமுறை இலத்திரனியலைப் படித்தது மின்சாரம் இல்லாத காலத்தில். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டோம். டைனமோ 6 வோல்ற்று, கார் பற்றரி 12 வோல்ற்று. வயரை விரலால் தொட்டுப் பார்ப்போம், சில வேளை நாக்கிலும் வைத்துப் பார்ப்போம். ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தைத்தான் அடுத்த தலைமுறைக்கும் கொடுத்தோம். வால்வு அம்பிளிபயரில் அதே பழக்கம் உயிரை எடுக்கும்.

மின்வழங்கியில் உள்ள கொள்ளளவிகள் மின்னைச் சேமித்து வைப்பவை. வால்வுகள் சூடாக இருந்தால், பிளக்கைக் கழற்றியதும் சேமிப்பை அவையே சில விநாடிகளில் குடித்துவிடும். வால்வு கழற்றப்பட்டிருந்தாலோ பழுதாகியிருந்தாலோ குடிக்க யாரும் இல்லை. நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. வீட்டு ட்றிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று நினைக்கிறோம். நிலைமாற்றியின் மறுபக்கத்தில் உள்ள உயர் அழுத்தம் உங்கள் உடலுக்குள் பாயும்போது அந்த ட்றிப் சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது.

கைவைக்கும் ஒழுங்கு

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். மீற்றரின் கறுப்பு வயரை முதலைக் கவ்வியால் உலோகச் சாசியில் பூட்டுங்கள். மீற்றர் 1000 வோல்ற்று நேரோட்ட அளவுக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். சிவப்பு முனையை வலது கையால் பிடியுங்கள். இடது கை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். ஒரு கையால் வந்து மறு கையால் போகும் மின்னோட்டம் நெஞ்சைக் கடந்துதான் போகும்.

ஒவ்வொரு கொள்ளளவியையும் 10 கிலோ ஓம், 5 வாற்று தடையி ஒன்றினூடாக 10 விநாடி சாசிக்கு இறக்குங்கள். தடையியின் இரு முனையிலும் தடித்த காப்புறை உள்ள வயர் இருக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்க விடுவது கொள்ளளவியையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும். இறக்கிய பின் மீண்டும் அளந்து பாருங்கள். 10 வோல்ற்றுக்குக் கீழே வந்தால்தான் கை உள்ளே போகலாம்.

முதற் கொள்ளளவிக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாற்று தடையி ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். நீங்கள் மறந்தாலும் அது மறக்காமல் மின்னை இறக்கும். ஆனால் அதை நம்பி அளக்காமல் விடாதீர்கள். அந்தத் தடையியும் ஒருநாள் அறுந்து போகலாம்.

சாசிக்கு மூன்று முள் பிளக்கின் நில வயர் தனி ஆணியில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கிற்றார்க் கம்பியும் சாசியும் ஒன்றோடொன்று இணைந்தவை. சாசியில் மின் ஏறினால் அது வாசிப்பவனின் விரலில் ஏறியதாகவே அர்த்தம்.

ஏன் அழுத்தம் கூடியது?

தம்பி பின்பற்றியது 1950களின் பிற்பகுதியில் வந்த பெண்டர் சாம்ப் 5எஃப்1 வரைபடம். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, சீராக்கியாக 5வை3. மூன்றே வால்வு. அதில் 6வி6இன் அனோட்டுக்கு ஏறத்தாழ 340 வோல்ற்று வரவேண்டும். கதோட்டில் 470 ஓம் தடையி, அதன் குறுக்கே ஏறத்தாழ 20 வோல்ற்று.

அவன் வாங்கிய நிலைமாற்றியில் 220 வோல்ற்று என்று எழுதியிருந்தது. என் கடைச் சுவரில் அன்று 238. உள்ளே போவது கூடினால் வெளியே வருவதும் அதே விகிதத்தில் கூடும். வால்வுகளைத் திரும்பப் பொருத்தி அளந்தபோது வந்தவை: சூடாக்கி இழை 6.8 வோல்ற்று, அனோட்டு 388, கதோட்டு 23.

கணக்கு எளியது. 23ஐ 470ஆல் வகுத்தால் 49 மில்லி அம்பியர். அதில் திரைக்குப் போவது 3 என்று கழித்தால் 46. அனோட்டுக்கும் கதோட்டுக்கும் இடையே 365 வோல்ற்று. இரண்டையும் பெருக்கினால் 16.8 வாற்று. 6வி6 தாங்குவது பழைய கையேடுகளின்படி 12 வாற்று, பிந்திய கணிப்பு முறையில் 14. தகடு சிவந்ததற்குக் காரணம் இதுதான்.

குறைத்த முறை

முதலில் எல்லா அழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்தோம். சூடாக்கி இழைக்கு 6.3 வோல்ற்றிலிருந்து பத்து வீதம்தான் கூடலாம் குறையலாம். 6.8 அந்த எல்லையின் விளிம்பு. ஆகவே 230க்கு 12 வோல்ற்று, 1 அம்பியர் நிலைமாற்றி ஒன்றை எடுத்தோம். அதன் முதற்சுருளைச் சுவர் மின்னில் இணைத்து, 12 வோல்ற்றுச் சுருளை அம்பிளிபயருக்குப் போகும் உயிர் வயரில் எதிர்த்திசையில் தொடராக இணைத்தோம். இந்த அம்பிளிபயர் சுவரிலிருந்து எடுப்பது ஏறத்தாழ கால் அம்பியர் என்பதால் 1 அம்பியர் தாராளம். எல்லாவற்றையும் பியூசுடன் மூடிய பெட்டிக்குள் வைத்து, வெளியே ஒரு சொக்கற் விட்டோம். அம்பிளிபயரைப் பூட்ட முன் அந்தச் சொக்கற்றை அளக்க வேண்டும். சுவரை விட 12 குறைந்தால் சரி. கூடினால் மின்னை நிறுத்தி, 12 வோல்ற்றுச் சுருளின் இரு வயரையும் மாற்றிப் பூட்டுங்கள். எங்களுக்கு 226 வந்தது. இழை 6.5க்கு இறங்கியது, அனோட்டு 368க்கு இறங்கியது.

அடுத்தது உயர் அழுத்தம் மட்டும். முதற் கொள்ளளவிக்குப் பிறகு 680 ஓம், 5 வாற்று தடையி ஒன்றைப் போட்டு, அதன் பின்னால் 22 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்றைச் சாசிக்கு இணைத்தோம். வெளியீட்டு நிலைமாற்றிக்கான வயரை அங்கிருந்து எடுத்தோம். ஏறத்தாழ 45 மில்லி அம்பியர் அதனூடாகப் போகும்போது 30 வோல்ற்று குறையும். தடையியில் வெப்பமாவது ஒன்றரை வாற்றுக்கும் குறைவு. ஆனாலும் வயர்களிலிருந்து தள்ளி வையுங்கள். புதிய கொள்ளளவியும் மின்னைச் சேமிக்கும், இறக்கும்போது அதையும் சேர்த்து இறக்க வேண்டும்.

கடைசியில் அனோட்டு 340, கதோட்டு 20. கணக்கு 12.7 வாற்று. சிவப்பு இல்லை. 12க்குள் வைத்திருக்க விரும்புபவர் கதோட்டுத் தடையியை 560 ஓமாக மாற்றலாம். ஆனால் அந்தத் தடையியைக் கூட்டுவதால் மின்னோட்டம்தான் குறையும். அழுத்தம் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். அழுத்தத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் அதை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள்.

கொள்ளளவிகளின் அளவையும் பாருங்கள். 5வை3 விரைவாகச் சூடாகும், 6வி6 பிந்தித்தான் சூடாகும். அந்த இடைவெளியில் குடிக்க ஆள் இல்லாததால் அழுத்தம் வழமையை விட மிக மேலே ஏறும். 450 என்று எழுதியது போதாமல் போகலாம். 500 வோல்ற்றுக் கொள்ளளவியே நல்லது. 5வை3ஐ எடுத்துவிட்டு இருவாயிகள் போட்டால் அழுத்தம் இன்னும் பல பத்து வோல்ற்று ஏறும்.

மறக்கக் கூடாத மூன்று

மாற்றம் செய்த பின் முதன்முதல் மின் கொடுக்கும்போது 60 வாற்று குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று. எல்ஈடி பல்பு இதற்கு உதவாது.

ஸ்பீக்கர் பூட்டாமல் அம்பிளிபயரை ஓடவிடாதீர்கள். வெளியீட்டு நிலைமாற்றி கருகிவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பயம். வீட்டில் கிடக்கும் பழைய வால்வு றேடியோவைக் கிற்றார் அம்பிளிபயராக மாற்றச் சிலர் கேட்டு வருகிறார்கள். மின் நிலைமாற்றி இல்லாத றேடியோக்கள் அவற்றில் உண்டு. வால்வுகளின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். அவற்றின் சாசி நேரடியாகச் சுவர் மின்னோடு தொடுத்திருக்கும். அதில் கிற்றாரைப் பூட்டுவது கம்பியைச் சுவர் மின்னில் பூட்டுவதுதான். அதை றேடியோவாகவே விட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பியின் தாய் 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். செல்லுக்குத் தப்பிய பிள்ளை ஒரு கொள்ளளவிக்குப் போய்விட்டால் அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? அம்பிளிபயரைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த 10 கிலோ ஓம் தடையியையும் கவ்விகள் பூட்டி அவனிடமே கொடுத்துவிட்டேன். இப்போது அதைப் பெட்டியின் பின்புறம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். பெட்டியைத் திறக்க முன் அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறான்.