கார்ட்டர் குலத்தின் கொடிவழி

ஒரு குடும்பத்தின் பரம்பரையை ஆங்கிலேயர் மரமாகக் கண்டனர். நம் முன்னோர் கொடியாகக் கண்டனர். மரம் தனித்து நிற்கும். கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். கொடிவழி எழுதப் புகுவோர் அக்கொடியின் கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவர். அது எந்தக் கொம்பைப் பற்றி ஏறியது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது விடுவர். அமெரிக்காவின் தொடக்ககால நிலக்கிழார் குடும்பங்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும் நம் சொல்லின் பொருத்தத்தை எண்ணி வியந்திருக்கிறேன். அக்குடும்பங்களுள் ஒன்றன் கொடிவழியை, அதன் கொழுகொம்போடு சேர்த்து, வட்டத்து அன்பர்களின் முன் வைக்க இப்பத்தாம் ஆண்டு மலர் வாய்ப்பளித்தது.

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலையாகக் காலூன்றிய முதற்பகுதி வர்ஜீனியா. 1607இல் தொடங்கிய அக்குடியேற்றம் புகையிலையால் வாழ்ந்தது. புகையிலை மண்ணின் வளத்தை விரைவில் உறிஞ்சிவிடும் பயிர். ஆகவே புது நிலம் வேண்டும், அதைத் திருத்தப் புதுக் கைகள் வேண்டும். கடல் கடந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் வழங்கும் முறை பதினேழாம் நூற்றாண்டில் அங்கே நிலவியது. அந்நாளைய நில ஆவணங்களில் ஏக்கர்க் கணக்குக்குக் கீழே அழைத்து வரப்பட்டோரின் பெயர்கள் வரிசையாகக் காணப்படும். ஒருவர்க்கு நிலம் வந்த கதையும், அந்நிலத்தில் உழைக்க மற்றொருவர் வந்த கதையும் தொடக்கத்திலேயே ஒரே தாளில் எழுதப்பட்டன.

இவ்வாறு நிலம் சேர்த்தவருள் ஒருவர் ஜான் கார்ட்டர். அமெரிக்கப் பழங்குடும்பத்தார் பலரும் தம் மூதாதையை ஏதேனும் ஓர் ஆங்கிலப் பிரபுவோடு முடிச்சுப்போட விழைவர். அது உலகெங்கும் உள்ள ஆசைதான். ஆனால் ஜான் கார்ட்டரை லண்டன் நகரத்துத் திராட்சை மது வணிகர் ஒருவரின் மகனாகவே ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். ராப்பஹானக் ஆற்றின் கரையில் கோரோட்டோமன் என்னுமிடத்தில் அவர் பண்ணை அமைத்தார். ஐந்து முறை மணம் புரிந்தார். 1669இல் இறந்தார். லங்காஸ்டர் கவுண்டியில் இன்றும் நிற்கும் கிறைஸ்ட் தேவாலயத்தின் கருவறைப் பகுதியில், அவரும் அவர் மனைவியருள் சிலரும் ஒரே கல்லின் கீழ் உறங்குகின்றனர். கொடிவழி ஆய்வாளர்க்கு அக்கல் ஒரு புதையல். அன்றைய காய்ச்சல்கள் எத்துணை விரைவில் இல்லங்களை வெறுமையாக்கின என்பதை நமக்கும் அது சொல்லும்.

ஜான் கார்ட்டரின் உயிலில் சுவையான செய்தி ஒன்று உண்டு. தம் இளைய மகன் இராபர்ட்டுக்கு இலத்தீன் கற்பிக்க, அம்மொழி பயின்ற ஓர் ஏவலாளை விலைக்கு வாங்கி வைக்கும்படி அவர் எழுதிவைத்தார். குறித்த ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்த வெள்ளையர் அந்நாளில் அவ்வாறு வாங்கப்பட்டனர். ஆசிரியரையும் சந்தையில் வாங்கலாம் என்று இருந்த சமுதாயம் அது.

அந்த இளைய மகனே பின்னாளில் 'கிங் கார்ட்டர்', அதாவது அரசர் கார்ட்டர் என்று அழைக்கப்பட்டவர். 1690இல் மூத்தவர் இறக்கவே குடும்பச் சொத்து இவர் கைக்கு வந்தது. மக்கள் அவையின் தலைவர், கருவூலப் பொறுப்பாளர், ஆளுநர் அவையின் முதல்வர், 1726-27இல் தற்காலிக ஆளுநர் எனப் பதவிகள் பல வகித்தார். எல்லாவற்றினும் பெரிய பதவி வேறொன்று. பொட்டோமாக், ராப்பஹானக் ஆறுகளுக்கு இடைப்பட்ட பெருநிலப்பரப்பு ஃபேர்ஃபாக்ஸ் பிரபு குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. உரிமையாளர் இங்கிலாந்தில் இருந்தனர். நிலத்தைப் பிறருக்கு வழங்கும் முகவராக 1702 முதல் 1711 வரையிலும், மீண்டும் 1722 முதல் இறக்கும் வரையிலும் இருந்தவர் கார்ட்டர். வழங்கும் கை தம் மக்களுக்கும் பேரர்களுக்கும் மருமக்களுக்கும் தாராளமாக வழங்கியது. 1732இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் ஏக்கர் நிலமும் 10,000 பவுண்டு பணமும் அவருடையவை என லண்டன் இதழ் ஒன்று செய்தி வெளியிட்டது. அதைப் படித்த பிறகே, தம் முகவர் தம்மினும் செல்வர் என்பது ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவுக்கு உறைத்ததாம்.

பெற்றோரின் கல்லறை இருந்த இடத்திலேயே புதுக் கோயில் எழவேண்டும் என்று வேண்டி, அதன் செலவையும் தாமே ஏற்றவர் இவர். அவருடைய வண்டி வந்து சேரும்வரை ஊரார் கோயிலுக்குள் நுழையாது வெளியே காத்திருப்பர் என்று ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, கதை பிறந்ததற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும்.

இவருடைய மக்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். மூத்த மகன் ஜான், ஷெர்லி பண்ணையின் வாரிசான எலிசபெத் ஹில்லை மணந்தார். பெண்மக்கள் பர்வெல், பேஜ், ஹாரிசன், பிராக்ஸ்டன், ஃபிட்சு எனும் பெருங்குடிகளில் புகுந்தனர். 1776ஆம் ஆண்டு விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்ட பெஞ்சமின் ஹாரிசனும் கார்ட்டர் பிராக்ஸ்டனும் இவருடைய மகள்வழிப் பேரர்கள். ஹாரிசன் கிளையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இருவர் தோன்றினர். மனிதர் பிறந்து மணந்து இறப்பதை மட்டும் கூறுவதுபோல் தோன்றும் இப்பட்டியலை நில வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு திருமணமும் ஒரு வரப்பை அழித்திருப்பது தெரியும்.

இது கொடி. இனிக் கொம்பு.

1662இல் வர்ஜீனியாவின் அவை ஒரு சட்டம் இயற்றியது. குழந்தை அடிமையா உரிமையுடையதா என்பது அதன் தாயின் நிலையைப் பொறுத்தது என்பதே அச்சட்டம். ஆங்கில நாட்டு வழக்கில் குழந்தை தந்தையின் குடியைச் சாரும். இங்கோ, அடிமைப்பெண்ணின் குழந்தை, தந்தை யாராயினும், அவளுடைய உடைமையாளரின் சொத்து. 1705இல் மற்றொரு சட்டம் அடிமைகளை நிலத்தைப் போன்ற அசையாச் சொத்தாக வகைப்படுத்தியது. நிலம் எவ்வாறு வழிவழி இறங்குமோ அவ்வாறே மனிதரும் இறங்கினர். ஆக, ஒரே பண்ணையில் இரு பரம்பரைகள் இரு வேறு நெறிகளில் ஓடின. மாளிகையில் தந்தைவழி; குடிசையில் தாய்வழி. முன்னதற்கு உயிலும் கல்லறையும் சான்று. பின்னதற்குச் சொத்துக் கணக்கே சான்று.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி பெயரைப் பற்றியது. 1727இல் அரசர் கார்ட்டர் தம் கங்காணி ஒருவருக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. புதிதாக வாங்கிய ஆப்பிரிக்கர்களுக்குத் தாமே பெயரிட்டதாகவும், அவரவர் அப்பெயரை அறிந்து அழைத்தவுடன் மறுமொழி தரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கியதாகவும் அதில் குறிக்கிறார். வன்சொல் ஏதும் இல்லாத கடிதம். அதனாலேயே அது நடுங்கவைக்கிறது. ஒரு தாய் தன் மொழியில் இட்ட பெயர் அந்த முற்றத்தில், சில நாள்களில், ஓசையின்றி மறைந்தது. கொடிவழி ஆய்வாளர் எவராலும் அதற்கு மேல் ஏற முடியாது. அந்தக் கணுவுக்கு மேல் கொடி அறுக்கப்பட்டது.

சில பெயர்கள் தப்பின. 1708ஆம் ஆண்டின் லங்காஸ்டர் நீதிமன்றப் பதிவேட்டில் பம்பாரா ஹாரி, டைனா என இருவர் வருகின்றனர். பம்பாரா என்பது மேற்கு ஆப்பிரிக்க இனம் ஒன்றன் பெயர். அந்த அடைமொழி ஹாரியின் தாயகத்தை நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறிய காரணத்தையும் சொல்ல வேண்டும்: அடங்காத அவ்விருவரின் கால்விரல்களை வெட்ட கார்ட்டர் நீதிமன்றத்தின் இசைவைப் பெற்றார். ஹாரியை நாம் அறிவது இந்த ஒரு வரியால்தான்.

கார்ட்டர் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துக் கணக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளைப் பண்ணை பண்ணையாகக் குறிக்கிறது. கணவன், மனைவி, மக்கள் எனக் குடும்பம் குடும்பமாகவும், வயதோடும் அவர்கள் எழுதப்பட்டுள்ளனர். எழுதியவரின் நோக்கம் விலை மதிப்பு. ஆயினும் அந்நாளைய கறுப்பினக் குடும்ப வாழ்வை ஆராய்வோர்க்கு இன்று அதைப் போன்ற ஆவணம் அரிது.

இனி, நான் இக்குடும்பத்தைத் தேர்ந்தமைக்குக் காரணமான மனிதருக்கு வருகிறேன். அரசர் கார்ட்டரின் மகன்களுள் ஒருவர் தந்தைக்குச் சில மாதங்கள் முன்னரே இறந்தார். அவர் விட்டுச்சென்ற நான்கு வயதுக் குழந்தை மூன்றாம் இராபர்ட் கார்ட்டர். பல்லாயிரம் ஏக்கருக்கு உரியவராக வளர்ந்து, 1754இல் மேரிலாந்தின் செல்வக் குடும்பத்துப் பெண்ணான பிரான்செஸ் டாஸ்கரை மணந்தார். 17 மக்கள் பிறந்தனர். வெஸ்ட்மோர்லாந்து கவுண்டியில் நாமினி மாளிகையில் வாழ்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அவரிடம் இருந்தன; இசைக்கருவிகள் பல வாசிப்பார். 1773-74இல் அவ்வீட்டில் ஆசிரியராயிருந்த பிலிப் ஃபித்தியன் எழுதிய நாட்குறிப்பு புகழ்பெற்றது. விருந்து, நடனம், இசை என விரியும் அந்நாட்குறிப்பில் ஒரு குறிப்பு உறுத்துகிறது. அடிமைகளிடம் அப்பகுதியிலேயே மிகவும் இரக்கம் உடையவர் எனப் பெயரெடுத்த இவர், வாரத்துக்கு ஆளொன்றுக்கு அளித்தது ஏறத்தாழ 9 லிட்டர் மக்காச்சோளமும் ஒரு பவுண்டு இறைச்சியும்!

தம் பண்ணைகள் சிலவற்றுக்கு இவர் இராசிகளின் பெயரைச் சூட்டினார். சிம்மம், துலாம், கடகம், கும்பம் எனப் பெயர் பெற்ற வயல்களில் அடிமைகள் புகையிலையும் கோதுமையும் விளைத்தனர். வான மண்டலத்தையே தமக்கு உடைமையாக்கிக் கொண்டதுபோல் ஒரு தோற்றம்.

பின்னர் அவருள் ஏதோ திரும்பியது. 1778இல் அவர் பாப்டிஸ்டு சபையில் சேர்ந்தார். செல்வர் சென்று சேரும் சபை அன்று அது. அடிமைகளும் ஏழை வெள்ளையரும் அருகருகே அமர்ந்து தொழுத இடம். 1782இல் உடைமையாளர் தம் விருப்பப்படி அடிமைகளை விடுவிக்கலாம் என்று வர்ஜீனியா சட்டம் செய்தது. வாஷிங்டன், ஜெபர்சன் முதலியோர் தம் கடிதங்களில் அடிமை முறையை எண்ணி வருந்திக்கொண்டிருந்த நாள்கள் அவை. கார்ட்டர் வருந்தி எழுதியதோடு அமையவில்லை. 1791ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளிட்டு ஒரு தானப் பத்திரம் எழுதினார். செப்டம்பரில் அதை நீதிமன்றத்தில் பதிவும் செய்தார். மனிதரை அடிமையாக வைத்திருப்பது சமயத்துக்கும் நீதிக்கும் முரண் என்று தாம் நெடுநாளாக உணர்ந்ததை அதில் கூறி, 450க்கும் மேற்பட்டோரைப் பெயரும் வயதும் வாழும் பண்ணையும் குறித்து விடுவித்தார். 1792 சனவரியில் தொடங்கி ஆண்டுக்கு 15 பேராக விடுதலை. சிறுவர்க்கு ஆண்களாயின் 21, பெண்களாயின் 18 வயதில் விடுதலை. உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவில் தனியொருவர் செய்த மிகப் பெரிய அடிமை விடுவிப்பு இதுவே எனக் கருதப்படுகிறது.

பாட்டனாரின் சொத்துக் கணக்கும் பேரனின் தானப் பத்திரமும் வடிவத்தில் ஏறத்தாழ ஒன்று. இரண்டிலும் பண்ணை, பெயர், வயது. ஒன்று மனிதரை நிலத்தோடு கட்டியது, மற்றது அவிழ்த்தது.

அயலார் கொதித்தனர். தன் வீட்டுக்குத் தீ வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டென்றாலும், அண்டை வீடும் சேர்ந்து எரியுமே என்னும் பொருள்பட அவருக்குப் பெயரிடாத கடிதம் வந்தது. 1793இல் அவர் பால்டிமோருக்குப் பெயர்ந்தார். தம் திட்டங்கள் உலகுக்கு உவப்பாய் இருந்ததில்லை என்று மகளுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 1804இல் அங்கேயே மறைந்தார். நாமினி மாளிகைத் தோட்டத்தில், பெயர் பொறித்த கல் ஏதுமின்றி அடக்கம் செய்யப்பட்டார். அம்மாளிகையும் 1850இல் எரிந்துபோயிற்று. பளிங்கில் இலத்தீன் பொறித்த பாட்டனாரின் கல்லறையை மேலே சொன்ன தேவாலயத்தின் புறத்தே காணலாம்.

கொடி அவருக்குப் பிறகு எத்திசையில் படர்ந்தது? அடிமை முறையின் தீமை தீண்டாது வளரட்டும் என்று இளைய மகன்கள் இருவரை வடக்கே ரோட் ஐலந்துக் கல்லூரிக்கு அவர் அனுப்பியிருந்தார். அவருள் ஒருவரான ஜார்ஜ், லவுடன் கவுண்டியில் ஓட்லண்ட்ஸ் எனும் மாளிகையை எழுப்பினார். அடிமைகளை மீண்டும் விலைக்கு வாங்கினார். உள்நாட்டுப் போருக்கு முன் அக்கவுண்டியிலேயே மிகுந்த அடிமைகளைக் கொண்ட பண்ணையாக அது வளர்ந்தது. ஷெர்லிக் கிளையில், விடுவித்தவரின் பெரியப்பா மகனான சார்ல்ஸ் கார்ட்டருக்கு ஆன் என்றொரு மகள். அவளுடைய மகன் இராபர்ட் இ. லீ. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் படைத்தலைவர் அவர். கார்ட்டர் குடும்ப மரபை எழுதியோர் லீயின் பெயரைத் தவறவிட்டதில்லை. நாமினி கார்ட்டரை நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பாகவே வைத்திருந்தனர். அவரைப் பற்றிய முழுமையான நூலொன்று பொதுவாசகர் கைக்குப் பரவலாக வந்தது 2005இல்தான்.

விடுவிக்கப்பட்டோரின் வழியினர்க்கு அப்பத்திரம் அடிக்குறிப்பு அன்று. கறுப்பின அமெரிக்கர் தம் முன்னோரைத் தேடினால் 1870இல் ஒரு சுவரில் முட்டிக்கொள்வர். 1850, 1860 கணக்கெடுப்புகள் அடிமைகளின் வயதையும் பாலையும் நிறத்தையும் மட்டும் உடைமையாளர் பெயரின் கீழ் எழுதின. அடிமையாயிருந்தோர் பெயரோடு எண்ணப்பட்டது 1870இல்தான். நாமினியின் வழியினர் அச்சுவரைத் தாண்டலாம். 1793ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலை பெற்ற கறுப்பினத்தார் ஒவ்வொருவரும் எழுத்தரிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. பெயர், வயது, நிறம், உயரம், விடுவித்தவர் யார், எந்த நீதிமன்றத்தில் என்பன பதியப்பட்டன. அவர்களை ஒடுக்கும் நோக்கோடு எழுந்த சட்டந்தான். ஆனால் அப்பதிவேட்டிலிருந்து தானப் பத்திரத்துக்கும், பத்திரத்திலிருந்து 1733இல் முடிந்த பாட்டனாரின் சொத்துக் கணக்குக்கும் இன்று ஒரு பேத்தி தன் தாயின் தாயைத் தேடிப் பின்னோக்கி நடக்க முடிகிறது. கும்பப் பண்ணையிலோ சிம்மப் பண்ணையிலோ ஒரு பெயரைக் கண்டு, அதன் எதிரே எழுதியுள்ள வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுத் தன் ஏட்டில் அவள் குறித்துக்கொள்கிறாள்.