குதிரையில போனாரா, இல்லையா?

போன வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ஆணி கம்மி. பில்ட் ஓடி முடியற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையைத் திறந்தேன். 1900 செப்டம்பர் 8-ஆம் தேதி, அமெரிக்காவுல டெக்சாஸ் கரையோரம் இருக்கற கால்வெஸ்டன் தீவு நகரத்தை அழிச்ச சூறாவளி பத்தின கட்டுரை. படிச்சோமா மூடினோமான்னு போயிருக்கலாம். கோட் ரிவ்யூ பண்ணிப் பண்ணி எதைப் பாத்தாலும் பிழை தேடற வியாதி வந்துடுச்சே! வரி வரியா சரிபார்க்க உக்காந்தேன். சனி, ஞாயிறு ரெண்டும் காலி. வீட்டுல கிடைச்ச அர்ச்சனையை இங்க எழுத முடியாது :)

சுலபமானதை முதல்ல முடிச்சுடறேன். அட்லாண்டிக் வரலாற்றிலேயே அதிக உயிர்களைக் குடிச்ச புயல்னு கட்டுரை சொல்லுது. தப்பு. 1780-ல கரீபியன் தீவுகளை அடிச்ச புயல்ல மட்டும் சுமார் 22,000 பேர் செத்திருக்காங்க. கால்வெஸ்டன் அமெரிக்க வரலாற்றுல மோசமானது, அவ்வளவுதான். அடுத்தது 'நான்காம் வகைப் புயல்'. தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா 1900-ல யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது, ஏன்னா சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலே 1970-கள்லதான் புழக்கத்துக்கு வந்துச்சு. அன்னிக்குக் காத்தை அளந்த கருவி மணிக்கு 100 மைல் வரைக்கும் காட்டிட்டு அதுவே பறந்துடுச்சு. மிச்சமெல்லாம் பின்னாடி போட்ட கணக்கு.

இறந்தவங்க எண்ணிக்கையிலதான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். கட்டுரையில பளிச்சுனு 8,000. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 6,000 முதல் 12,000 வரைக்கும் சொல்றாங்க. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? ஊர்ல இருந்ததே 37,000 சொச்சம் பேர். தீவோட மிக உயரமான இடமே கடல் மட்டத்துல இருந்து 9 அடிகூட இல்லை, ஏறி வந்த தண்ணி 15 அடிக்கு மேல. பிணங்களைத் தோணியில ஏத்தி நடுக்கடல்ல போட்டாங்க. அலை திரும்பக் கரைக்கே கொண்டுவந்து தள்ளிடுச்சு. அதுக்கப்புறம் கிடந்த இடத்துலயே அடுக்கி எரிச்சாங்க. இதுல யார் பேர் எழுதி வெச்சிருப்பா? குடும்பத்தோட போனவங்களைக் 'காணோம்'னு வந்து சொல்லக்கூட ஆள் மிச்சமில்லை.

ஒரு இடத்துல மட்டும் கணக்கு நேரா இருக்கு. கடற்கரையில இருந்த செயின்ட் மேரீஸ் அனாதை இல்லத்துல 10 கன்னியாஸ்திரீகள், 90 குழந்தைகள் போயிட்டாங்க. மூணு பையன்கள் பிழைச்சாங்க. அலை அடிச்சுட்டுப் போயிடக் கூடாதுன்னு குழந்தைகளைத் துணி காயப்போடற கயித்தால தங்க இடுப்போட கட்டிக்கிட்டாங்க அந்த சிஸ்டர்கள். கயிறு கட்டினபடியே உடல்கள் கிடைச்சுது. இதைப் படிச்சதும் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். கால்வெஸ்டன் வானிலை அலுவலகத் தலைவர் ஐசக் க்ளைன். அன்னிக்குக் காலையில அவர் குதிரையில ஏறிக் கடற்கரை முழுக்கப் போய் ஜனங்களை எச்சரிச்சாராம், அதால 6,000 பேர் பிழைச்சாங்களாம். கட்டுரை இதை நடந்த உண்மையாவே எழுதியிருக்கு. ஆதாரம் எதுன்னு பாத்தா ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்துக்கு ஆதாரம் இன்னொண்ணு. நூல் பிடிச்சுக்கிட்டே போனா கடைசியில 1945-ல வந்த க்ளைனோட சுயசரிதையில போய் முட்டுது! புயல் அடிச்சு 45 வருஷம் கழிச்சு, எண்பது வயசு தாண்டினவர் எழுதினது. அதுலயும் அவர் குதிரை மேல ஏறலை, ரெண்டு சக்கரக் குதிரை வண்டியிலதான் போறார். புயல் அடிச்ச அதே மாசம் அவர் மேலிடத்துக்கு எழுதின அறிக்கையும் இருக்கு. தொலைபேசியிலயும் வாய்மொழியாவும் எச்சரிச்சோம், ஆயிரக்கணக்கானவங்க ஊர் நடுவுக்குப் போய்ப் பிழைச்சாங்கன்னு சொல்லுது. குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. எரிக் லார்சன் 1999-ல எழுதின 'ஐசக்ஸ் ஸ்டார்ம்' புத்தகமும் இந்தக் கதையைச் சந்தேகமாத்தான் பாக்குது.

கையும் களவுமா பிடிச்சுட்டோம்டான்னு ஒரு குஷி. அதுக்கு ஏத்த மாதிரி இன்னொண்ணும் கிடைச்சுது. கிட்டத்துல இருந்த இண்டியனோலா ஊரை 1875-லயும் 1886-லயும் புயல் அடிச்சுக் காலி பண்ணியிருந்துச்சு. அப்படியும் 1891-ல இதே க்ளைன், கால்வெஸ்டனுக்குப் புயலால பெரிய ஆபத்து வரும்ங்கறது வெறும் பிரமைன்னு உள்ளூர் பத்திரிகையில எழுதியிருக்கார். 1900-ல ஊருக்குக் கடல் தடுப்புச் சுவர் கிடையாது. சரி, ஆள் வில்லன்னே எழுதிடலாம்னு விரல் துடிச்சுது.

அதே அறிக்கையைத் திரும்ப ஒரு தரம் படிச்சேன். அன்னிக்கு ராத்திரி அவர் வீட்டுல சுமார் 50 பேர் அடைக்கலம். மிதந்து வந்த இடிபாடு மோதி வீடு சரிஞ்சுது. பிழைச்சது 18 பேர். அவரும், தம்பி ஜோசப்பும், மூணு பெண் குழந்தைகளும் தப்பிச்சாங்க. மனைவி கோரா தப்பிக்கலை, கர்ப்பிணி வேற. செப்டம்பர் முடியற சமயத்துலதான் உடல் கிடைச்சுது. ஆபத்து இல்லைன்னு எழுதினவர் அதை மனசார நம்பித்தான் இருந்திருக்கார். இல்லேன்னா அவ்வளவு பேரைக் கடலோர வீட்டுல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரா?

கடைசியில என் திருத்தத்துல வில்லனும் இல்லை, ஹீரோவும் இல்லை. "கடற்கரையில் சென்று எச்சரித்ததாக க்ளைன் 1945-இல் எழுதினார், 1900 அறிக்கையில் அது இல்லை." அந்த 6,000-த்தைத் தூக்கிட்டேன். 8,000-த்தை "6,000 முதல் 12,000 வரை"ன்னு மாத்திட்டேன்.

கட்டுரையில சுத்தமா விட்டுப்போனது கியூபா. ஹவானாவுல இருந்த பெலன் வானிலை ஆய்வகத்து இயேசு சபைக் குருமார்கள் புயல் மேற்கே போகுதுன்னு கணிச்சாங்க. வாஷிங்டன் அதிகாரிகள், வடக்கே வளைஞ்சு அட்லாண்டிக்குக்குப் போயிடும்னு சொன்னாங்க. கியூபா அப்போ அமெரிக்கா கையில. வானிலை அமைப்புத் தலைவர் வில்லிஸ் மூர் தரப்பு ஆகஸ்ட் கடைசியிலயே கியூபாக்காரங்க வானிலைத் தந்தி அனுப்பறதுக்குத் தடை வாங்கி வெச்சிருந்தாங்க. இதை ஒரு பத்தியா சேர்க்கணும், பெலன் குறிப்புகளை நேரடியாப் படிச்சுட்டு. எனக்கு ஸ்பானிஷ்ல 'ஓலா' தாண்டித் தெரியாது. உங்கள்ல யாருக்காவது தெரியுமா மக்களே?