கணுவின் ஊதா: கேழ்வரகுக் கலப்பின வரலாற்றில் ஒரு சாட்சி

அடுகோடியில் என் அறைக்கு அருகிலுள்ள உணவகத்தில் நண்பகல்தோறும் கேழ்வரகுக் களி கிடைக்கும். இவ்வூரார் அதனை ராகி முத்தே என்பர். அந்தத் தானியத்தின் ஆய்வு வரலாற்றில் ஒரு நிறத்திற்கு உரிய இடத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

மெண்டலின் பட்டாணியை அறியாத மாணவர் இலர். கோயம்புத்தூர்ச் சிறுதானிய ஆய்வு நிலையத்தில் ஜி. என். ரங்கசாமி ஐயங்கார் செய்த பணியை அறிந்தோர் சிலரே. சென்னை மாகாண அரசின் சிறுதானிய வல்லுநராகிய அவர், கேழ்வரகின் பண்புகள் மரபுவழி இறங்கும் முறை குறித்து 1931 முதல் கட்டுரைகள் வெளியிட்டார். சில செடிகளின் கணு முதலிய உறுப்புகளில் ஊதா படரும். வேறு சில முற்றும் பச்சை. இவ்விரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை ஊதாவாகவே அமையும். அதன் வழித்தோன்றல்களில் பச்சை மீண்டும் தலைகாட்டும். ஊதா ஓங்கு பண்பு; பச்சை ஒடுங்கு பண்பு.

இந்நிறத்தால் விளைச்சல் கூடுவதில்லை. எனினும் கேழ்வரகை மேம்படுத்த முனைந்தோர்க்கு அது பெருந்துணையாயிற்று. கேழ்வரகு தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அதன் பூக்கள் மிகச் சிறியவை. மகரந்தப் பைகளைக் கையால் களைவது கடினம். ஆகவே ஐயங்கார் 1934இல் தொடர்பு முறையை விளக்கினார்: பூக்கும் முன் இரு செடிகளின் கதிர்களையும் சேர்த்துக் கட்டிவிடுவது. இயல்பாக நேரும் கலப்போ மிகச் சொற்பம். விளைந்த விதைகளுள் கலப்பு எது, தற்கலப்பு எது?

விடை நிறத்தில் இருந்தது. தாய்ச்செடி பச்சையாகவும் தந்தைச்செடி ஊதாவாகவும் இருந்தால், நாற்றங்காலில் ஊதா காட்டும் நாற்றே கலப்பினம். தாய் ஊதாவாயின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், அடையாளம் பயன்படாது. ஒடுங்கு பண்பைத் தாயிடம் வைப்பதே இதன் நுட்பம்.

பின்னாளில் மண்டியாவில் இலட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்க வகைகளைக் கலந்து இண்டாஃப் வகைகளை உருவாக்கினார். இரு நிலப்பரப்புகளின் பெயர்களும் அச்சொல்லில் இணைந்துள்ளன. 2017இல் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்எல்-365 வகையின் மரபணுத்தொகுதி வரிசையை வெளியிட்டனர். இன்று டிஎன்ஏ குறியீடுகள் செய்யும் சாட்சிப் பணியை அன்று ஊதாக் கணு செய்தது.

நம் அறிவியல் வரலாறுகள் பெரும்பாலும் விளைச்சல் எண்களால் எழுதப்படுகின்றன. அவ்வாறு எழுதுவோர் பயனற்றதெனக் கடந்துவிடும் ஒரு பண்பே, கலப்பினத்தைக் கண்ணால் காணும் வழியைத் தந்தது. பழைய ஆய்வுநிலைய அறிக்கைகளைப் படிக்கும் மாணவர்கள், விளைச்சல் அட்டவணைகளோடு நிறக் குறிப்புகளையும் நின்று படிக்க வேண்டுகிறேன்.