பாக்டீரியாக்களின் நைட்ரஜன் நிர்வாகம்

ராயபுரத்துக்கு வடமேற்கே, மணலியில், 1966-இல் ஸ்தாபிக்கப்பெற்று 1971-இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் நிறுவனம், காற்றின் நைட்ரஜனை மிகுந்த உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு கூட்டி அம்மோனியாவாக்கி, அதிலிருந்து ‘விஜய்’ யூரியாவைத் தயாரிப்பதோடு, அசோஸ்பைரில்லம் முதலிய பாக்டீரியாக்கள் அடங்கிய உயிர் உரங்களையும் விற்றுவந்திருக்கிறது. இவ்விரு சரக்குகளும் ஒன்றுக்கொன்று அனுகூலமானவையல்ல என்பதே விசேஷம். முன்னது மிகுந்த இடத்தில் பின்னது நைட்ரஜனை நிலைநிறுத்துவதை நிறுத்திவிடுகிறது.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க, குறைந்தது 16 ஏடிபி மூலக்கூறுகளைச் செலவிடவேண்டிய அந்த ஜீவன், அம்மோனியா கைக்கெட்டும்போது அச்செலவில் இறங்காதிருப்பது நியாயமே. அம்மோனியாவின் வரவைப் பாக்டீரியாக்கள் அறியும் விதம், சாக்கடை நீரிலெல்லாம் மலிந்த எஸ்செரிச்சியா கோலையில் மிக விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஸ்டாட்மன், மகசானிக் ஆகியோர் இவ்வாராய்ச்சியின் முன்னோடிகள். அளவுகோல் குளுட்டமின் என்னும் அமினோ அமிலம். அது குறையும்போது ஒரு நொதி, பி-2 என்னும் புரதத்தின்மீது யூஎம்பியைச் சேர்க்கிறது. அவ்வாறு மாறிய பி-2 தடை செய்யாமையால், என்டிஆர்-பி என்னும் புரதம் என்டிஆர்-சிக்குப் பாஸ்பேட்டை ஈந்து, அதைக்கொண்டு, சிக்மா-54 தாங்கிய ஆர்என்ஏ பாலிமரேஸ் குளுட்டமின் சிந்தட்டேஸின் மரபணுவைப் படிக்கத் தொடங்குகிறது. குளுட்டமின் பெருகினால், முன்னே யூஎம்பியைச் சேர்த்த அதே நொதியே அதை நீக்குகிறது. விடுபட்ட பி-2 என்டிஆர்-பியைப் பற்ற, பாஸ்பேட்டைக் கொடுத்த புரதமே அதை அகற்ற முற்படுகிறது. செய்வதும் கலைப்பதும் ஒரே புரதத்தின் பொறுப்பாயிருக்கும் இந்தச் சிக்கனம் வியக்கத்தக்கது. பி-2, கார்பன் நிலவரத்தை உணர்த்தும் 2-ஆக்சோகுளுட்டரேட்டையும் கவனிக்கிறது. 12 துணையலகுகள் கொண்ட குளுட்டமின் சிந்தட்டேஸோ, தன் மரபணு அடங்குமுன்பே, ஏஎம்பி ஒட்டப்பெற்று மந்தமாக்கப்படுகிறது.

அசோஸ்பைரில்லத்திலும் இக்குடும்பத்துப் பி-2 புரதமே முக்கியம். யூஎம்பி சேர்ந்த நிலையில்தான் அது, நைட்ரஜன் நிலைநிறுத்தும் மரபணுக்களைத் தூண்டும் நிஃப்-ஏ புரதத்தைச் செயற்படுத்துகிறது. அம்மோனியா வந்துசேர்ந்தால் அத்தூண்டல் ஓய்வதோடு, ஏற்கெனவே உண்டாகியிருக்கும் நைட்ரஜனேஸ் நொதியும், டிரா-டி என்னும் வேறொரு நொதி அடினோசின் டைபாஸ்பேட் ரைபோஸை ஒட்டுவதால் முடங்குகிறது. அம்மோனியா தீர்ந்தபின் டிரா-ஜி அதை நீக்க, வேலை மீண்டும் தொடர்கிறது.

யூரியா இட்ட வயலிலும் அசோஸ்பைரில்லம் சில வேளை பலன் தருவது, இந்த விதிக்கு முரணன்று; ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளை அது சுரப்பதால் வேர்கள் கிளைத்துப் பரவுகின்றன, அச்சுரப்புக்கு நைட்ரஜன் நிலைநிறுத்தம் தேவையில்லை.