விசைப்பலகையிற் பிறந்த பொதுவழக்கு

ஒரு நாட்டின் நாணயம் அந்நாட்டின் எல்லாக் கடைகளிலும் செல்லுபடியாவதை நாம் வியப்பதில்லை. அதுபோலவே, கணினியிற் ‘கொன்ட்ரோல்’ விசையையும் ‘சி’ விசையையும் ஒருங்கே அழுத்தினால், கடிதமாயினும் கணக்காயினும், தெரிந்தெடுத்த பகுதி பிரதியாவதையும் இன்று எவரும் வியப்பதில்லை. ஆயினும், நேயர்களே, இவ்வழக்கு தானாக விளைந்ததன்று. மனிதர் சிந்தித்துச் சமைத்தது.

கலிபோர்னியாவின் பலோ அல்ற்றோ நகரிலுள்ள செறொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், 1974 ஆம் ஆண்டளவில் ‘பிறாவோ’ என்னும் எழுத்தாக்க நிரல் உருவாயிற்று. அதில் ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும், வேறொரு நிலையிற் கட்டளையாகவும் இயங்கியது. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் ‘எடிற்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளைத் தட்டினால் நேர்வது யாது? முதலெழுத்து ஆவணம் முழுவதையும் தெரிந்தெடுக்கும். இரண்டாவது அதனை அழிக்கும். மூன்றாவது புதிதாய் எழுத வழிவிடும். நான்காவதாகிய ‘ரி’ மாத்திரம் திரையில் எஞ்சி நிற்கும். எழுதியவை யாவும் கண்முன்னே மறைந்துவிடும்!

இது மனிதனின் குறையன்று, யந்திரத்தின் குறையே எனக் கொண்டவர் லறி ரெஸ்லர். அவரும் ரிம் மொட் என்பவரும் ஜின் என்னும் பாடநூற் பதிப்பகத்துக்காக ‘ஜிப்சி’ என்னும் நிரலை ஆக்கினர். தாளைக் கத்தரித்துப் பசையால் ஒட்டும் பதிப்பாசிரியரின் பழக்கமே அங்கு திரையில் இடம்பெற்றது.

1980 இல் ரெஸ்லர் அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தார். 1983 இல் வெளிவந்த ‘லீசா’ கணினியில், அப்பிள் விசையுடன் எக்ஸ் வெட்டவும், சி பிரதிசெய்யவும், வி ஒட்டவும், இசட் செய்ததை மீளப்பெறவும் அமைந்தன. நான்கும் விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து உள்ளவை. எக்ஸ் அடித்துவிடும் குறியை ஒத்தது. வி, இடைச்செருகலுக்கு இடும் கூர்க்குறியின் தலைகீழ் வடிவம்.

எனினும் உலகம் உடனே ஒருமைப்படவில்லை. ‘வேர்ட்ஸ்டார்’ நிரலிற் கொன்ட்ரோலும் சியும் திரையைக் கீழே நகர்த்தின. 1987 இல் ஐ.பி.எம். வகுத்த பொதுவிதி, பிரதிசெய்யக் கொன்ட்ரோலுடன் ‘இன்சேர்ட்’ விசையை விதித்தது. ஒரு நிரலிற் பயின்ற கை மற்றொன்றிற் தடுமாறியது. 1992 இல் வெளிவந்த விண்டோஸ் 3.1, கொன்ட்ரோல் விசையுடன் அந்நான்கு எழுத்துகளையே ஏற்றபின் வழக்கு வேரூன்றியது.

இன்று தமிழிற் தட்டெழுதுவோரும் அவ்விசைகளையே நாடுகின்றனர். ரெஸ்லர் 2020 இல் மறைந்தார். மனிதன் யந்திரத்தின் போக்கைக் கற்றுத் தடுமாறுவதிலும், யந்திரம் மனிதனின் கைப்பழக்கத்துக்கு இசைவதே முறை என்பது அவர் கொள்கை. பயின்ற கை எங்கும் நம்பிக்கையோடு இயங்குவது அக்கொள்கையின் பயனேயாகும்.