சிவப்பு–பச்சை நிறக்குருடு

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிறவிக் குறை. பால்சார்ந்த மரபுவழிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இந்நிறங்களை உணரும் விழித்திரைக் கூம்புச் செல்களுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமின் நுனியருகே அடுத்தடுத்து உள்ளன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது பழுதானால் ஈடுகட்ட வேறில்லை. பெண்ணுக்கு இரண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் பார்வை கெடுவதில்லை. ஆனால் அவள் கடத்தியாகிறாள், மகன் ஒவ்வொருவனுக்கும் குறை வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. குறையுள்ள தந்தையின் எக்ஸ் மகள்களுக்கெல்லாம் போகும், மகனுக்குப் போகவே போகாது. தாத்தாவின் குறை மகளிடம் ஒளிந்திருந்து பேரனிடம் தலைகாட்டும். ‘அப்பனை உரித்து வைத்திருக்கிறான்’ என்ற பேச்சு இங்கே செல்லாது.

மும்பையை அடுத்த டோம்பிவிலி வழியாக ஓடும் மத்திய ரயில்வே மின்ரயில்களின் ஓட்டுநருக்கு இந்தக் குறை வேலையையே தீர்மானிக்கும் விஷயம். சிக்னலின் சிவப்பு, மஞ்சள், பச்சையில் மயக்கம் கூடாது. சோதனைக்குப் பரவலாகப் பயன்படுபவை ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட அட்டைகள்: அவற்றில் ஒன்றில் வண்ணப் புள்ளிகளுக்குள் 8 என்ற எண் இருக்கும், குறையுள்ள கண்ணுக்கு அது 3 ஆகத் தெரியும்.

வேதியியலாளர் ஜான் டால்டன் 1794இல் தம் குறையையே விவரித்தார். கண்ணுக்குள் நீலத் திரவம் இருப்பதே காரணம் என்று அவர் நினைத்தது தவறு. பாதுகாக்கப்பட்ட அவரது கண்ணின் டி.என்.ஏ., 1995இல் உண்மையைச் சொன்னது: பச்சைக்குரிய மரபணு அவரிடம் இல்லை.